படத்தின் நிறம் யார் சொல்லும் நிறம்?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. கண்ணையும் காதையும் இப்படிச் சந்தேகிக்கும் நாம், ஒளிப்படத்தை மட்டும் எளிதில் நம்பிவிடுகிறோம். "படமே இருக்கிறதே, இன்னும் என்ன ஐயம்?" என்று கேட்கிறோம். ஆனால், படத்தில் உள்ள நிறம் பொருளின் நிறமா, காமிராவின் நிறமா, அல்லது அந்தப் படத்தைப் பதப்படுத்திய மென்பொருளின் நிறமா என்பதை நாம் விசாரிப்பதில்லை. இக்கட்டுரையில் அதைத்தான் சற்று விசாரிக்கப் போகிறோம்.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மக்கள் காலையில் வெளியே வந்து பார்த்தபோது வானம் முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருந்தது. காட்டுத் தீயின் புகை மேலே பரவி, சூரிய ஒளியின் நீலப் பகுதியைத் தடுத்துவிட்டதே காரணம். வியந்துபோன மக்கள் கைப்பேசிகளை எடுத்துப் படம் பிடித்தார்கள். படத்தில் வானம் சாம்பல் நிறமாக வந்தது! எவரும் படத்தைத் திருத்தவில்லை. கைப்பேசிக்குள் இருந்த நிரல், "இவ்வளவு ஆரஞ்சு நிறம் இயற்கையில் இராது, இது விளக்கொளியின் கோளாறாக இருக்கும்" என்று கணக்கிட்டு, வெண்மையைச் சமன் செய்துவிட்டது. நிரல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால், அன்றைய தினத்தின் மிக முக்கியமான உண்மை படத்திலிருந்து நீங்கிவிட்டது.

"அப்படியானால், தானாகத் திருத்தும் படம் வேண்டாம். ரா கோப்பாக எடுத்து, நாமே கணிப்பொறியில் பதப்படுத்திக் கொள்வோம், உண்மை நிறம் கிடைத்துவிடும்" என்று நீங்கள் கூறலாம். ஒளிப்படக் கலையில் ஆர்வமுள்ள பலருடைய எண்ணமும் இதுவே. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? இன்று பெரிதும் பயன்படும் லைட்ரூம், ரா தெரபி, டார்க்டேபிள் என்னும் மூன்று மென்பொருள்களை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். முதலாவது அடோபி நிறுவனம் 2007இல் வெளியிட்ட வணிக மென்பொருள். மற்ற இரண்டும் எவரும் விலையின்றிப் பெறக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள்.

ரா கோப்பு என்பது என்ன?

ரா என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சமைக்காதது என்று பொருள். காமிராவின் உணரியில் கோடிக்கணக்கான நுண்ணிய ஒளிவாங்கிகள் வரிசையாக உள்ளன. ஒளிவாங்கிக்கு நிறம் தெரியாது; விழுந்த ஒளி எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். இவற்றில் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பே இன்றைய பெரும்பாலான காமிராக்களில் உள்ளது.

உணரி தரும் எண் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒளி இரு மடங்கானால் எண்ணும் இரு மடங்காகும். இந்த எண்களின் தொகுப்பே ரா கோப்பு. இதை அப்படியே திரையில் காட்டினால் மங்கலான, உயிரற்ற ஒரு காட்சிதான் தெரியும். பழைய இருட்டறையில் கழுவாத பிலிம் எப்படியோ, அப்படியே இதுவும். பதப்படுத்தினால்தான் படம்.

எனவே, "எந்தத் தலையீடும் இல்லாத ரா படம்" என்று ஒன்று கிடையாது. தலையீடு இல்லாதபோது அது கோப்பு. படமாகும்போது தலையீடு வந்துவிடுகிறது. நாம் கேட்கவேண்டிய கேள்வி, தலையீடு உண்டா இல்லையா என்பது அன்று. தலையிட்டதை மென்பொருள் நமக்குச் சொல்கிறதா என்பதே கேள்வி.

அளப்பது ஒன்று, படைப்பது மற்றொன்று

பதப்படுத்தும் வேலையில் இரண்டு படிகள் உண்டு. முதல் படி அளத்தல். உணரியின் எண்களை மனிதக் கண் காணும் நிறங்களின் எண்களாக மாற்றவேண்டும். காமிராவின் மூன்று வடிகட்டிகளும் கண்ணின் மூன்று வகை நிற உணர்வணுக்களும் ஒன்றுபோல் செயற்படுவதில்லை. ஆகவே இம்மாற்றம் ஒருபோதும் முழுமையாகாது. நம் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியும் இரு துணிகள் காமிராவுக்கு ஒன்றாகத் தோன்றக்கூடும்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை காமிராவுக்கு வேறாகத் தோன்றக்கூடும். பிழையைக் குறைக்கலாம்; அடியோடு நீக்க முடியாது.

இந்தப் பிழையை அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. 1976இல் அறிமுகமான, 24 நிறக் கட்டங்கள் கொண்ட அட்டை அது. அட்டையைப் படமெடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் அளந்த நிறத்துக்கும் அறிந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எண்ணாகக் கூறுவார்கள். அந்த எண்ணுக்கு டெல்டா ஈ என்று பெயர். அது ஒன்றின் அளவில் இருந்தால், கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சற்றே தெரியக்கூடிய வேறுபாடு என்று கொள்ளலாம். "நிறத் துல்லியம்" என்று பேசுவோர் பெரும்பாலும் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

இரண்டாவது படி படைத்தல். வெயிலில் வைத்த வெள்ளைத் தாளின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30,000 கேண்டெலா. நம் மேசைமேல் உள்ள சாதாரணக் கணிப்பொறித் திரையின் மிகுந்த வெண்மையோ 200 முதல் 300 கேண்டெலாதான். வெளியுலகின் ஒளியைத் திரை நூறில் ஒரு பங்காகவே காட்ட முடியும். ஒளி நிழல் வேறுபாடும் இப்படித்தான். நல்ல உணரி ஒன்றுக்குப் பத்தாயிரம் என்ற விகிதத்தை நெருங்கும் வேறுபாட்டைப் பதிவு செய்கிறது. அச்சிட்ட தாளோ ஒன்றுக்கு நூறு என்ற அளவில் நின்றுவிடுகிறது. பெரிய வீட்டுச் சாமான்களைச் சிறிய வீட்டுக்குள் அடுக்குவதைப் போன்ற வேலை இது. இதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். நாம் இதை ஒளிச்சுருக்கம் என்போம்.

ஒளிச்சுருக்கம் புதிய செய்தி அன்று. பிலிம் காலத்திலும் இருந்தது. படத்தகட்டின் மேல் விழும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கருமைக்கும் உள்ள தொடர்பை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர் 1890இல் இங்கிலாந்தில் வளைகோடாக வரைந்து காட்டினார்கள். அடியில் சாய்ந்து, நடுவில் நிமிர்ந்து, மேலே மீண்டும் சாயும் அந்த வளைகோடே இன்றைய மென்பொருள்களின் வளைகோட்டுக்கு மூதாதை. அன்று வளைகோட்டைப் பிலிமின் வேதியியல் முடிவு செய்தது. இன்று நிரல் எழுதுபவர் முடிவு செய்கிறார்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

வளைகோடு ஒளியை மட்டும் சுருக்கினால் நமக்குக் கவலையில்லை. அது நிறத்தையும் மாற்றுகிறது. எப்படி என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீச்சுடரில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதில் சிவப்பு 4, பச்சை 1, நீலம் 0.25 என்று வைத்துக்கொள்வோம். திரை காட்டக்கூடிய உச்ச அளவு 1. எனவே சுருக்கவேண்டும். மிக எளிய சூத்திரம் ஒன்று உண்டு: ஓர் எண்ணை, அதனுடன் 1 கூட்டி வந்த தொகையால் வகுக்கவேண்டும். எவ்வளவு பெரிய எண்ணானாலும் விடை 1-ஐத் தாண்டாது. இதைப் பயன்படுத்த மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: மூன்று நிறங்களையும் தனித்தனியே சுருக்குதல். சிவப்பு 4-ஐ 5-ஆல் வகுத்தால் 0.8. பச்சை 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0.5. நீலம் 0.25-ஐ 1.25-ஆல் வகுத்தால் 0.2. நிறச் சக்கரத்தில் சிவப்பை 0 பாகை என்றும் மஞ்சளை 60 பாகை என்றும் கொண்டால், தொடக்கத்தில் 12 பாகையில் இருந்த சாயல் இப்போது 30 பாகைக்கு நகர்ந்துவிட்டது. அதாவது செந்நிறச் சுடர் ஆரஞ்சு ஆயிற்று. சுடரின் ஒளியை நான்கு மடங்காக்கி அதே கணக்கைப் போடுங்கள். விடை ஏறத்தாழ 0.94, 0.8, 0.5. சாயல் 41 பாகை, ஏறக்குறைய மஞ்சள். ஒரே நிறமுடைய ஒளி, பிரகாசம் கூடக்கூட நிறம் மாறுகிறது!

இரண்டாவது வழி: விகிதத்தைக் காத்தல். மூன்றில் பெரிய எண்ணை மட்டும் சுருக்கி, மற்ற இரண்டையும் அதே பங்கில் குறைப்பது. 4 என்பது 0.8 ஆயிற்று, ஐந்தில் ஒரு பங்கு. எனவே பச்சை 0.2, நீலம் 0.05. சாயல் 12 பாகையிலேயே நிற்கிறது. விகிதம் அப்படியே உள்ளது. ஆனால், ஒளியை நான்கு மடங்காக்கினாலும் விடை 0.94, 0.24, 0.06 என்றே வரும். சுடர் எவ்வளவு பிரகாசமானாலும் வெண்மையை நோக்கிப் போகாது. படத்தில் அது சுடராகத் தெரியாமல், சிவப்புத் தாளை வெட்டி ஒட்டியதுபோல் தெரியும்.

மூன்றாவது வழி: பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் தனித்தனியே சுருக்கிவிட்டு, நடு எண்ணைப் பழைய இடைவெளி விகிதப்படி இருத்துதல். விடை 0.8, 0.32, 0.2. சாயல் இங்கும் 12 பாகைதான். ஒளி நான்கு மடங்கானால் 0.94, 0.59, 0.5. வெண்மையை நோக்கிப் போகிறது. ஆனால் மஞ்சளாகாமல் இளஞ்சிவப்பாகிறது. இளஞ்சிவப்பு நிறத்தில் எரியும் தீயை நீங்கள் பார்த்ததுண்டா?

ஒரே ரா கோப்பு, ஒரே சூத்திரம். பச்சையின் அளவோ 0.5, 0.2, 0.32 என்று மூன்று விதமாக வருகிறது. இவற்றுள் எது சரி? சாயலின் எண்ணைக் காப்பதே துல்லியம் என்றால் முதல் வழி தவறு. ஆனால், கண்ணுக்கு இயல்பாகத் தோன்றுவது பல சமயம் அந்த முதல் வழியே. ஒளி கூடும்போது சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் கண்ணுக்கே சற்று மஞ்சளாகத் தோன்றும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்த செய்தி. பெசோல்டு, புரூக்கே என்னும் இருவர் பெயரால் அது வழங்குகிறது. ஆயினும், இதை வைத்து முதல் வழியே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தீச்சுடருக்குப் பொருந்தும் அந்த நகர்வு செம்பருத்திப் பூவின் இதழைக் கெடுத்துவிடும். வெயில் பட்ட இதழின் ஓரம் ஆரஞ்சாகிவிட்டால், தாவரவியல் மாணவனுக்கு அது தவறான செய்தி அன்றோ?

மூன்று மென்பொருள்களும் மூன்று பழக்கங்களும்

இந்த அறிவோடு இப்போது மென்பொருள்களிடம் செல்வோம்.

லைட்ரூமில் ஒரு ரா கோப்பைத் திறந்தால், இனிமையான படம் உடனே தோன்றும். மனிதரின் மேனி நிறம் நன்றாக இருக்கும். பல ஆயிரம் படங்களை விரைவில் முடிக்கவேண்டிய தொழில்முறைக் கலைஞர்களுக்கு இது பெரும் உதவி. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், வலப்பக்கத்தில் உள்ள திருத்தங்களைப் பாருங்கள். ஒளி, மாறுபாடு, நிழல் எல்லாம் சுழியில் இருக்கும். வளைகோட்டுக்கான கட்டத்தில் நேர்கோடு இருக்கும். "இன்னும் ஒன்றும் செய்யவில்லை" என்று நமக்குத் தோன்றும். உண்மையில், தெரிவு செய்யப்பட்டுள்ள நிற விவரத் தொகுப்புக்குள் ஒரு வளைகோடு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. 2018 ஏப்ரலில் இந்தத் தொகுப்பின் இயல்பிருப்பையே அடோபி மாற்றியது. புதிய தொகுப்பில் மாறுபாடு சற்றுக் கூடுதல். வெம்மையான நிறங்களும் முன்புபோல் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் எல்லாக் குமிழ்களும் சுழியிலேயே இருந்தன. சுழி மாறவில்லை; சுழியின் பொருள் மாறிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 2012ஆம் ஆண்டு முறை முதலாக, பிரகாசப் பகுதி, நிழற்பகுதி ஆகியவற்றின் திருத்தங்கள் படத்துக்குப் படம் தம்மைத் தாமே தகவமைத்துக்கொள்கின்றன. அழகுக்கு இது நன்று. ஆனால், ஒரு செடியின் இலை நாளுக்கு நாள் மஞ்சளாவதைப் படமெடுத்து ஒப்பிடும் மாணவர், எல்லாப் படங்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு "ஒரே மாதிரி பதப்படுத்தினேன்" என்று கூற முடியாது. எண் ஒன்று, விளைவு வேறு.

ரா தெரபியின் பழக்கம் இதற்கு நேர்மாறானது. அதில் நடுநிலை என்ற தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தால் வளைகோடு இல்லாத மங்கலான படத்தையே காட்டும். இங்கே சுழி என்றால் ஏறத்தாழச் சுழிதான். அளவிடும் வேலைக்கு இது மிக ஏற்றது. காமிரா தானே செய்து கோப்புக்குள் வைத்திருக்கும் படத்தைப் பார்த்து, அதற்கு இணையான வளைகோட்டை அமைக்கும் வசதியும் உண்டு. மேலும், வளைகோட்டை எந்த வழியில் செலுத்துவது என்பதற்கு ஆறு முறைகளைத் தருகிறது. நாம் மேலே கணக்கிட்ட முதல் வழியும் மூன்றாம் வழியும் அவற்றுள் அடங்கும்.

குறை எங்கே என்றால், பெயரில். நாம் கண்ட மூன்றாம் வழிக்கு, அதாவது சாயல் எண்ணைக் காக்கும் வழிக்கு, அங்கே "பிலிம் போன்றது" என்று பெயர். வண்ணப் பிலிமில் மூன்று அடுக்குகள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய வளைகோட்டின்படி நடக்கும். எனவே பிலிம் நம்முடைய முதல் வழிக்கே நெருங்கிய உறவு. பெயரை நம்பி முறையைத் தேர்ந்தெடுக்கும் புதியவர் ஏமாறுவார். வழிகளைத் திறந்து காட்டியது பாராட்டத்தக்கது. எந்தக் கதவு எங்கே போகும் என்று சரியாக எழுதி ஒட்டவில்லை என்பதே குறை.

டார்க்டேபிள் இவ்விரண்டையும்விடத் தத்துவ நோக்குடையது. படத்தை முடிந்த மட்டும் வெளியுலக ஒளியின் நேர்விகித எண்களாகவே வைத்திருந்து, திருத்தங்களைச் செய்து, ஒளிச்சுருக்கத்தைக் கடைசிப் படியாக நிறுத்துவது அதன் கொள்கை. அளத்தலையும் படைத்தலையும் பிரித்து வைக்கும் இந்த ஒழுங்கு அறிவியலுக்கு உகந்தது. ஒளிச்சுருக்கத்துக்கு 2019 முதல் ஃபில்மிக் ஆர்ஜிபி என்ற பகுதியும், 2022 முதல் சிக்மாய்டு என்ற பகுதியும் அதில் உள்ளன. சிக்மாய்டில், மூன்று நிறங்களையும் தனித்தனியே சுருக்கும் வழியும் விகிதத்தைக் காக்கும் வழியும் வெளிப்படையாகவே உள்ளன. முதல் வழியில் சாயலை எவ்வளவு காக்கலாம் என்பதற்குச் சுழியிலிருந்து நூறு விழுக்காடு வரை ஒரு குமிழும் உண்டு. "இங்கே ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது; அதை நீயே எடு" என்று மென்பொருள் நம்மிடம் கூறுகிறது. என் மதிப்பில், இந்த ஒரு குமிழ் நேர்மைக்கு எடுத்துக்காட்டு.

ஆனால், அதே மென்பொருளின் ஃபில்மிக் பகுதியில் "நிற அறிவியல்" என்ற தலைப்பில் 2019 முதல் 2023 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து பதிப்புகள் உள்ளன. பழைய படங்கள் பழைய பதிப்பிலேயே நிற்கும்படி செய்திருப்பது நல்ல செயல். எனினும், ஐந்து ஆண்டுகளில் ஐந்து விதமாக மாறுவதை அறிவியல் என்று அழைக்கலாமா? நிறத்தின் அறிவியல் மாறவில்லை. நிறத்தைப் பற்றிய விருப்பமும் அதை நிறைவேற்றும் உத்தியும் மாறின. விருப்பத்துக்கு அறிவியல் என்று பெயரிடுவது படிப்பவரை மயக்கும்.

துல்லிய எண் எந்தப் படியில் அளக்கப்பட்டது?

நிற அட்டையைப் படமெடுத்துக் காட்டினால், டார்க்டேபிள் தன் பிழையைத் தானே அளந்து டெல்டா ஈ எண்ணாகக் கூறும். இது அரிய வசதி. ஆயினும், அந்த எண் அளத்தல் படிக்கு உரியது, ஒளிச்சுருக்கத்துக்கு முந்தியது. அதன்பின் வளைகோடு வந்து நடுப்பகுதியின் மாறுபாட்டை ஏற்றும்போது அட்டையின் சிவப்புக் கட்டம் முன்னிலும் செறிந்த சிவப்பாகிவிடும். முடிந்த படத்தை அளந்தால் பிழை பன்மடங்காக இருக்கும். "என் படத்தின் நிறப் பிழை வெறும் இரண்டு" என்று பெருமைப்படுபவர் இதை மறந்துவிடுகிறார். மற்ற மென்பொருள்களுக்கும் காமிரா விவரத் தொகுப்பு செய்து விற்போருக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

அட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் வெள்ளைக் கட்டம் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டையும், கருப்புக் கட்டம் ஏறத்தாழ 3 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. விகிதம் ஒன்றுக்கு முப்பதுதான். சுடர், சூரியன் மறையும் வானம், மேடையின் நீல விளக்கு ஆகியவற்றில்தான் ஒளிச்சுருக்கம் நிறத்தை மிகுதியாக மாற்றுகிறது. அங்கே அட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எளிய வினாக்களை மட்டும் கேட்டு நூறு மதிப்பெண் வழங்கும் தேர்வு போன்றது இது.

அப்படியானால் வளைகோட்டை நீக்கிவிட்டு, அளந்த நிறத்தை அளந்தபடியே காட்டலாமே என்று கேட்பீர்கள். காட்டலாம், ஆனால் படம் உயிரற்றுத் தோன்றும். ஒளி மிகுந்த இடத்தில் நிறங்கள் செறிவாகத் தோன்றும், ஒளி குறைந்த இடத்தில் அதே நிறங்கள் வெளிறித் தோன்றும் என்பதை ஆங்கில அறிவியலறிஞர் ஹண்ட் 1952இல் எடுத்துக்காட்டினார். வெயிலில் கண்ட பட்டுச் சேலையை மங்கிய திரையில் எண் மாறாமல் காட்டினால், அது சாயம்போன சேலையாகத் தெரியும். வெயிலில் கண்டதைப்போல் தெரியவேண்டுமானால் எண்ணைக் கூட்டியே ஆகவேண்டும்.

அதே ஹண்ட், நிறத்தைப் படமாக்குவதற்கு ஆறு விதமான குறிக்கோள்கள் இருக்கலாம் என்று 1970இல் வகுத்துக் கூறினார். எண்கள் ஒத்திருப்பது ஒரு குறிக்கோள். பார்வைக்கு ஒத்திருப்பது இன்னொன்று. பார்ப்பவருக்குப் பிடித்திருப்பது வேறொன்று. இவை ஒன்றோடொன்று முரண்படும். "துல்லியம்" என்று விளம்பரம் செய்யும் எவரும் இந்த ஆறில் எதைக் குறிக்கிறார் என்று சொல்லாதவரை, அச்சொல்லுக்குப் பொருள் இல்லை.

இதனால் யாருக்கு என்ன நட்டம்?

திருமணப் படத்தில் சேலை சற்றுச் செறிவாக வந்தால் எவருக்கும் நட்டமில்லை; மகிழ்ச்சிதான். ஆனால், காயத்தின் செம்மையைப் பார்த்து மருந்து மாற்றும் மருத்துவரும், இலையின் மஞ்சளைப் பார்த்து நோயறியும் வேளாண் ஆய்வாளரும் படத்தை நம்புகிறார்கள். பாடநூல்களும் நம்புகின்றன. அப்படி நம்பியதால் நேர்ந்த தவறான எண்ணம் ஒன்றைக் கூறுகிறேன்.

1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை நெருங்கிப் படமெடுத்தது. மேகங்களும் பட்டைகளும் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் படங்களின் மாறுபாட்டை அறிவியலறிஞர்கள் மிகுத்துக் காட்டினார்கள். நெப்டியூன் ஆழ்ந்த நீலமாகத் தோன்றியது. இது மிகைப்படுத்திய நிறம் என்பது அவர்களுக்குத் தெரியும். படத்தின் கீழே குறிப்பும் எழுதினார்கள். காலப்போக்கில் படம் பரவியது, குறிப்பு உதிர்ந்துவிட்டது. யுரேனஸ் வெளிர் பச்சை நீலம், நெப்டியூன் ஆழ்ந்த நீலம் என்று உலகெங்கும் மாணவர்கள் படித்தார்கள். 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் இர்வின் தலைமையிலான குழு, புதிய தொலைநோக்கி அளவீடுகளைக் கொண்டு பழைய படங்களை மீண்டும் பதப்படுத்தி வெளியிட்டது. இரு கோள்களும் ஏறக்குறைய ஒரே பச்சை நீல நிறம். நெப்டியூன் சற்றே கூடுதல் நீலம், அவ்வளவுதான்.

இங்கே பிழை எது என்று எண்ணிப் பாருங்கள். மாறுபாட்டை மிகுத்தது பிழையன்று. மேகங்களைக் காண அது தேவைப்பட்டது. குறிப்பு உதிர்ந்ததே பிழை. இன்றைய மென்பொருள்களில் நான் காணும் குறையும் இதுவே. அவை நிறத்தை மாற்றுகின்றன என்பது குற்றமில்லை; மாற்றியதை முகப்பில் எழுதாமல், சுழி என்று காட்டுவதே குற்றம்.

மென்பொருளுக்கும் நமக்கும்

ஆகவே, ரா மென்பொருளை மதிப்பிடும்போது "நிறம் அழகாக இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிற்காமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சுழி என்று காட்டும்போது உண்மையில் ஒன்றும் நடக்கவில்லையா? ஒளியைச் சுருக்கும்போது சாயலை என்ன செய்கிறது என்று சொல்கிறதா? துல்லிய எண் எந்தப் படியில் அளக்கப்பட்டது? மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலும் பழைய படம் பழையபடியே திறக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு லைட்ரூமும் டார்க்டேபிளும் நன்றாகவே விடை தருகின்றன. பழைய முறையைப் படத்தோடு சேர்த்துக் காக்கின்றன. முதல் கேள்வியில் ரா தெரபி வெல்கிறது, லைட்ரூம் தோற்கிறது. இரண்டாம் கேள்வியில் டார்க்டேபிள் முன்னிற்கிறது. மூன்றாம் கேள்விக்கு மூன்றுமே தெளிவான விடையை முகப்பில் வைக்கவில்லை. அழகான படம் விரைவாக வேண்டுவோர் லைட்ரூமையே நாடலாம். ஆனால் ஆய்வுக்கும் ஆவணத்துக்கும் படமெடுப்போர் மற்ற இரண்டில் ஒன்றைப் பழகுவது நல்லது. அதற்கு வேண்டிய உழைப்பு கூடுதல்; பயனும் கூடுதல்.

கணிப்பொறி வசதியுள்ள மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டில் ஓர் அகல் விளக்கை ஏற்றி, அருகில் ஒரு சிவப்புப் பூவையும் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து, ரா கோப்பாக ஒரே ஒரு படம் எடுங்கள். டார்க்டேபிளில் திறந்து, சிக்மாய்டின் சாயல் குமிழை முதலில் சுழியிலும் பின்னர் நூறிலும் வைத்து இரு படங்களைச் சேமியுங்கள். சுடரையும் பூவையும் தனித்தனியே ஒப்பிட்டு, எந்தப் படத்தில் எது நேரில் கண்டதற்கு நெருக்கமாக உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, எந்தப் படத்தை யாருக்குக் காட்டினாலும், அதைப் பதப்படுத்திய முறையை ஒரு வரியில் அதன் கீழே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி படத்தோடு கூடவே போகட்டும்.